முன்வில்லை

பூஞ்சைக்குக் கண்ணாடி பிடிக்கும்.
கடல்காற்று பட்ட கண்ணாடி இன்னும் பிடிக்கும்.
உப்பனாற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி என் கடை.
மழை முடிந்தால்
முதுநகர் லென்ஸ்களுக்குள் எல்லாம்
வேர்விட்டிருக்கும் ஒரு வெள்ளைச் செடி.

தேவநாதன் கொண்டு வந்தது ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர்.
கையில் எடுத்தால் படிக்கல் கனம்.
"முன்னாடி ஒரு கீறல் பாத்தீங்களாக்கா" என்று
அதையே தடவிக்கொண்டிருந்தான்.
கீறல் படத்தில் விழாது தம்பி.
தன் முகத்தில் ஒட்டியிருப்பதை
லென்ஸ் பார்ப்பதில்லை.
உள்ளே இருக்கிற மூட்டம்தான் விழும்.

திருகாணிகளைத் தைல டப்பி மூடியில் போட்டேன்.
காலண்டர் தாளின் மேல் ஆறு வில்லைகள்.
தனியே நிறுத்தினால் ஒன்றும் யோக்கியமில்லை.
சிவப்பை ஓரிடத்தில் சேர்க்கும்,
நீலத்தை அதற்கு முன்னாலேயே இறக்கிவிடும்.
ஒன்று செய்த பிழையை அடுத்தது
எதிர்ப்பிழை செய்து நேராக்கும்.
ஒவ்வொன்றின் விளிம்பிலும் பென்சிலால் ஓர் அம்பு போட்டேன்:
இந்தப் பக்கம் உலகம்.

பெராக்சைடில் துடைத்தபோது
முன்வில்லையின் அம்பும் சேர்ந்து போயிருக்கிறது.
எனக்குத் தெரியாது.
கரண்ட் வேறு இல்லை.

முகூர்த்த நாளில் திருவந்திபுரத்தில்
ஒரே மணிக்கு நாற்பது கல்யாணம்.
இந்த மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால்
இன்னொருவன் தாலி கட்டிக்கொண்டிருப்பான்.
எந்த ஆல்பத்தைப் பிரித்தாலும்
யார் வீட்டுச் சித்தப்பாவோ சிரிப்பார்.

புதன்கிழமை ஓடி வந்தான்.
"என்னக்கா மாயம் பண்ணீங்க?"
நடுவில் மணப்பெண்ணின் மூக்குத்தி,
கல்லின் பட்டைகளை எண்ணலாம்.
அங்கிருந்து விலக விலக
எல்லாம் சுழன்றிருந்தது:
மீதி முப்பத்தொன்பது கல்யாணமும்
தவில்காரரும் படிக்கட்டும் மலையும்
பம்பரத்தின் விளிம்பாக.
எனக்கு உடனே புரிந்துவிட்டது.
அறுநூறு சொல்லியிருந்தேன். எழுநூறு கொடுத்தான்.
வாங்கிக்கொண்டேன்.

வைகாசியில் மறுபடி வந்தான், ஆல்பத்தோடு.
பெண்ணின் அக்கா புனிதவல்லி,
நெல்லிக்குப்பத்தில் கட்டிக்கொடுத்து, திரும்பி வந்தவள்.
குடும்பப் படத்தில் இடது கோடி.
அங்கேதான் நிற்கச் சொன்னார்களாம்.
"இதுல நான் எங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

பார்த்தேன்.
புடவையின் மாம்பழ நிறம் இருந்தது.
கை இருக்கிற மாதிரி இருந்தது.
முகத்துக்கு உரிய இடத்தில்
வட்டத்தின் மேல் வட்டம்.

கூர்மை என்பது வேறொன்றுமில்லை.
அங்கே புள்ளியாகப் புறப்பட்டது
இங்கேயும் புள்ளியாக வந்து சேர்வது.
சேராதது வட்டமாகும்.
சின்ன வட்டத்தைக் கண் மன்னித்துப் புள்ளி என்று எழுதிக்கொள்ளும்.
அவளுடையது பெரிய வட்டம்.

"கம்ப்யூட்டர்ல எடுத்துடலாமாக்கா?"
ஒளி வந்திருக்கிறது தம்பி,
அவள் முகத்திலிருந்து ஒரு துளி குறையாமல்.
ஆளுக்கொரு பக்கமாய் உட்கார்ந்துவிட்டது.
இனி யார் போய்க் கூப்பிடுவது?

அப்போதுதான் சொன்னேன், அம்பைப் பற்றி.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"திருப்பிப் போடட்டுமா?"
"பதினோரு கல்யாணம் புக் ஆயிருக்கு,
இந்தச் சுழலப் பாத்துதான்..."
லென்ஸை மேஜையிலேயே வைத்துவிட்டுப்
பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

மாலை. பாதிச் ஷட்டர் இறக்கிய கடை.
லென்ஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கிறேன்.
உள்சுவரில் இம்பீரியல் சாலை
தலைகீழாக ஓடுகிறது.
சிதம்பரம் பஸ் கூரையில் சக்கரம் உருட்டிப் போகிறது.
நடுவில் டீக்கடைப் பாய்லர், அதன் செம்புக் குழாய் வரை துல்லியம்.
ஓரத்தில் யாரோ ரோட்டைக் கடக்கிறார்கள்,
ஆணா பெண்ணா தெரியவில்லை,
நின்று, பார்த்து, மறுபடி நின்று.

பென்சில் முனை மழுங்கியிருக்கிறது.
பிளேடைத் தேடுகிறேன்.